மாத மாத்திரைக்கு எங்கே போவது: பழகிய கடையா, அரசு மருத்துவமனையா, மக்கள் மருந்தகமா, முதல்வர் மருந்தகமா?

2023 ஆவணியில் எங்கள் வீட்டுக்காரருக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டென்ட் வைத்தார்கள். நான் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வூதியர் காப்பீட்டு அட்டை கையில் இருந்தது, அந்த மருத்துவமனையும் பட்டியலில் இருந்தது. செலவில் பெரும்பகுதியைக் காப்பீடே ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு வரும்போது ஒரு பை நிறைய மாத்திரை கொடுத்தார்கள். அந்தப் பை தீர்ந்த பிறகுதான் எங்கள் செலவு ஆரம்பித்தது.

அவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம். எனக்கு அழுத்தமும் தைராய்டும். மன்னார்குடியில் இருபது வருடமாக வாங்கும் கடையில் இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் 4,200 ரூபாய் பில் வந்தது. அதை எப்படிக் குறைத்தோம், எந்தெந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தோம் என்று கூடப் பணியாற்றியவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் காப்பீடு. எங்கள் வயதுக்காரர்கள் பலருக்கும் இங்கேதான் குழப்பம். "அதான் மாசாமாசம் பிடிக்கிறாங்களே, மாத்திரைக்குப் பணம் வராதா?" என்று கேட்கிறார்கள். வராது. 2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் திட்டத்தில் மாதம் 497 ரூபாய் பிடித்தார்கள். நான்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை, குறிப்பிட்ட சில பெரிய சிகிச்சைகளுக்கு 10 லட்சம் வரை. கண்புரைக்கு ஒரு கண்ணுக்கு 30,000. எல்லாமே ஆஸ்பத்திரியில் படுத்தால், அறுவை செய்தால். தினமும் காலையில் போடும் மாத்திரைக்கு அதில் இடமில்லை. அதற்கென்று ஓய்வூதியத்தோடு வருவது மாதம் 300 ரூபாய் மருத்துவப்படி மட்டும்.

தனியார் பாலிசியிலும் பெரும்பாலும் இதே கதைதான். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால் 30 நாள், வீட்டுக்கு வந்த பிறகு 60 நாள் மருந்துச் செலவைத் தருவார்கள், அதோடு சரி. ஓய்வூதியம் இல்லாத என் தங்கை வீட்டில் மூத்த குடிமக்கள் பாலிசி வைத்திருக்கிறார்கள். 65 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்தால் போதும் என்று கம்பெனிகளுக்கு இருந்த வரம்பு 2024 ஏப்ரலில் போய்விட்டது. ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பதும் அதிகபட்சம் மூன்று வருடம் என்று குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிக்கு ஜிஎஸ்டி கிடையாது. இவ்வளவும் நல்லதுதான். ஆனாலும் அவர்கள் வீட்டு மாத்திரையை அவர்கள் காசில்தான் வாங்குகிறார்கள். வெளி நோயாளிச் செலவையும் தரும் பாலிசிகள் உண்டு. நாங்கள் எடுத்ததில்லை. தங்கை வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, கூடுதலாகக் கட்டும் பிரீமியமும் திரும்பக் கிடைக்கும் தொகையும் ஏறக்குறைய ஒன்றாக வந்தது, விட்டுவிட்டார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கிற குடும்பம் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் பிரீமியமே இல்லாமல் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அந்த அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்றை வாங்கி உடனே பதிந்துவிடுங்கள், இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை.

ஆகக் காப்பீடு படுக்கைக்கு. அதை விடவே கூடாது. மாத்திரைக்கு வேறு வழி பார்க்க வேண்டும். அதில் எங்கள் முன்னால் நான்கு வழி இருந்தது. ஆன்லைனில் வரவழைப்பதைச் சேர்க்கவில்லை. இருபது சதவீதத் தள்ளுபடி கிடைக்கும், ஆனால் பையனோ பெண்ணோ பக்கத்தில் இருந்து ஆர்டர் போட வேண்டும். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

பழகிய கடையைப் பற்றிக் குறை சொல்ல மனம் வராது. ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தாலும் மாத்திரை வீட்டுக்கு வரும், ஓய்வூதியம் வரும் வரை கடன் நிற்கும். பத்து சதவீதம் குறைத்தும் கொடுப்பார்கள். ஆனால் சீட்டில் எந்த கம்பெனிப் பெயர் இருக்கிறதோ அதைத்தான் தருவார்கள். அது அவர்கள் பேராசை இல்லை. மருத்துவர் எழுதிய பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றித் தரக்கூடாது என்று மருந்து விதியே இருக்கிறது. ஆகவே விலை குறைய வேண்டுமானால் சீட்டு மாற வேண்டும். இது புரியவே எங்களுக்கு நாலைந்து மாதம் ஆயிற்று.

அரசு மருத்துவமனையும் ஆரம்ப சுகாதார நிலையமும் அடுத்து. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பித்த பிறகு, சர்க்கரைக்கும் அழுத்தத்துக்கும் மாத்திரை கிராமத்தில் வீட்டு வாசலுக்கே வருகிறது. என் மாமியார் ஊரில் கண்ணால் பார்க்கிறேன். வயல் வேலை செய்து பிழைக்கிற, முன்பெல்லாம் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடுகிற பெண்கள் இப்போது விடாமல் போடுகிறார்கள். 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கிக் கொடுப்பதால் காசே இல்லாமல் இது நடக்கிறது. ஒன்றிரண்டு மாத்திரையோடு நிற்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான். எங்களுக்கு ஏன் முழுதாக ஒத்துவரவில்லை என்றால், அவருடைய சீட்டில் ஏழு மாத்திரை. அதில் மூன்றுதான் அங்கே கிடைத்தது. சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும் எங்களுக்குக் கிடைத்தது சாதாரண வகை. அவருக்கு எழுதியிருந்தது மெதுவாகக் கரையும் எஸ்.ஆர். வகை. பெயர் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒன்றில்லை, போடும் வேளையே மாறும்.

மீதி இரண்டும் ஜெனரிக் கடைகள், அதாவது கம்பெனியின் பிராண்டுப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே விற்பவை. மக்கள் மருந்தகம் என்று பலகை வைத்திருப்பது மத்திய அரசின் ஜன் அவுஷதி, 2008ல் தொடங்கியது. முதல்வர் மருந்தகம் மாநில அரசுடையது. 2025 பிப்ரவரி 24 அன்று ஒரே நாளில் ஆயிரம் கடைகள் திறந்தார்கள். கூட்டுறவுச் சங்கங்களும் மருந்தியல் படித்த இளைஞர்களும் நடத்துகிறார்கள். அங்கே சித்த மருந்தும் உண்டு.

நாங்கள் மக்கள் மருந்தகத்துக்கு மாறியது 2024 தை மாதம். மாறுவதற்கு முன்னால் ஒரு வாரம் வீட்டில் சண்டை. "பாதி விலைக்குக் குடுக்குற மாத்திரை முழுசா வேல செய்யுமா? நெஞ்சுல கம்பி வச்சிருக்கேன், வெளையாடாத" என்றார். அவர் பயம் நியாயமான பயம். அதனால் இதய மருத்துவரிடமே நேரில் கேட்டோம். அவர் ஒன்றும் சொல்லாமல் சீட்டைத் திருப்பி, பிராண்டுப் பெயருக்குப் பதிலாக மருந்தின் பெயரை எழுதிக் கொடுத்தார். "மாத்துங்க. மூணு மாசம் கழிச்சு ரத்தம் பாத்துட்டு வாங்க" என்றார். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி முன்பு 7.4. மாற்றிய பிறகு 7.3. கொழுப்பும் அழுத்தமும் இருந்த இடத்திலேயே இருந்தன. அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் வாயை மூடினார். இந்தக் கடைக்கு வரும் மருந்தை ஒவ்வொரு தொகுதியாக அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்த பிறகே அனுப்புகிறார்கள் என்பதையும் பிறகு தெரிந்துகொண்டோம். ஆனால் எங்களை நம்ப வைத்தது எங்கள் வீட்டு ரத்தப் பரிசோதனைத் தாள்தான்.

பில் 4,200லிருந்து 2,500க்கு இறங்கியது. அந்த 2,500ல் 1,800 ஒரே ஒரு மாத்திரைக்கு, சர்க்கரைக்கான எம்பாக்ளிஃப்ளோசின். ஒன்று 60 ரூபாய் அளவில். அதற்குக் காப்புரிமை இருந்ததால் வேறு யாரும் தயாரிக்க முடியாது, எந்தக் கடைக்குப் போனாலும் அதே விலைதான். 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்தது. உடனே பல கம்பெனிகள் இறங்கி, விலை பத்து ரூபாய் அளவுக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அது தெரிந்தது ஆடி மாதம். சீட்டில் பழைய பிராண்டுப் பெயரே இருந்ததால் நான்கு மாதம் பழைய விலையையே கொடுத்துக்கொண்டிருந்தோம். ஆறாயிரம் ரூபாய் போயிற்று. இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து 1,000, 1,100க்குள் முடிகிறது. உங்கள் வீட்டில் ஒரு மாத்திரை மட்டும் தனியாக விலை தூக்கி நின்றால், அதற்கு வேறு கம்பெனி வந்துவிட்டதா என்று ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

விலையில் மக்கள் மருந்தகத்துக்கும் முதல்வர் மருந்தகத்துக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. ஒன்றில் ஒரு மாத்திரை ஐந்து ரூபாய் குறைவு என்றால் இன்னொன்றில் வேறொரு மாத்திரை குறைவு. அதை வைத்து முடிவு செய்ய முடியாது. முடிவு செய்தது இருப்புதான். அதே மருந்து, அதே அளவு, அடுத்த மாதமும் கிடைக்குமா என்பது.

சர்க்கரை, இதயம் என்று வந்துவிட்டால் மாத்திரை நடுவில் நிற்கக்கூடாது. முக்கியமாக ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையை ஒரு வேளைகூட விடக்கூடாது என்று மருத்துவர் விரல் நீட்டிச் சொல்லியிருந்தார். மலிவாகக் கிடைத்து, இரண்டு மாதம் ஒரு முறை "ஸ்டாக் இல்லை" என்றால் அந்த மலிவு எங்களுக்கு எதற்கு? மக்கள் மருந்தகத்தில் தொடக்கத்தில் எனக்கு இதுதான் நடந்தது. ஒருநாள் அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரை இல்லை. கடைத் தம்பி அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், டெல்மிசார்டன் நாப்பது இருக்கு, அம்லோடிபின் அஞ்சும் இருக்கு. சேர்ந்தது இல்ல. தனித்தனியா தரட்டுமா?" என்றான். "டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றேன் தம்பி" என்றேன். அவர் சரி என்றார். கூட்டு மாத்திரையைப் பிரித்துத் தனித்தனியாக எழுதி வாங்கிக்கொண்ட பிறகு "இல்லை" என்ற சொல் பாதியாகக் குறைந்தது. கூட்டு மாத்திரைகளில் ஏகப்பட்ட விகிதம் இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரு சிறு கடை வைத்திருக்க முடியாது. தனி மருந்து பெரும்பாலும் இருக்கும். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மருந்துகள் அவர்கள் பட்டியலில் உண்டு. கடையில் இல்லாததைக் கிடங்கிலிருந்து வரவழைத்துத் தருகிறார்கள், எங்களுக்கு ஏழு முதல் பத்து நாள் ஆகிறது.

அந்தப் பத்து நாளை எப்படிச் சமாளிப்பது என்று எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது கஜா. 2018 நவம்பர் 16 விடியற்காலை அடித்த புயலுக்குப் பிறகு மன்னார்குடியில் எத்தனை நாள் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம் என்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். தென்னை விழுந்து ரோடு அடைத்துக் கிடந்தது. அவருடைய அழுத்த மாத்திரை நாலே நாலுதான் மிச்சம். எதிர் வீட்டு அக்கா இன்சுலின் போடுபவர். ஃபிரிட்ஜ் வேலை செய்யாததால் மண்பானையில் ஈர மணலைப் போட்டு, அதற்குள் சின்னக் கிண்ணத்தில் மருந்தை வைத்துக் காப்பாற்றினார். அந்த நாட்களிலிருந்து எங்கள் வீட்டில் பதினைந்து நாள் மாத்திரை கூடுதலாகவே இருக்கும். மாதக் கடைசி வரை காத்திருக்காமல் 15ஆம் தேதியே வாங்கப் போய்விடுவேன். இல்லை என்றால் வரவழைக்கச் சொல்லிவிட்டு வருவேன்.

இதற்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் ஒரு மருந்து. மருந்தின் பெயரைத் தமிழில், அளவு, எத்தனை அட்டை, காலாவதி மாதம். ஜெனரிக் அட்டையில் மருந்தின் பெயரைத்தான் அச்சிட்டிருப்பார்கள், அதைப் பூதக்கண்ணாடி வைத்து நோட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே டப்பாவில் போடுவேன். அட்டையில் காலாவதித் தேதி ஒரு ஓரத்தில்தான் இருக்கும். அவர் அந்த ஓரத்திலிருந்தே பிய்க்க ஆரம்பித்துவிடுவார். இப்போது தேதி உள்ள ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு வைக்கிறேன், எதிர்ப்பக்கத்திலிருந்து பிய்க்கிறார்.

முதல்வர் மருந்தகத்தை நான் முதலாவதாக வைக்காததற்குக் காரணம் குறை எதுவும் இல்லை, எங்களுக்கு அங்கே பழக்கம் குறைவு. நான் போன நான்கைந்து தடவையில் மெட்ஃபார்மின், கொழுப்புக்கான அட்டோர்வாஸ்டாட்டின் போன்றவை எப்போதும் இருந்தன. இதய மாத்திரைகளில் ஒன்றை ஒரு தடவை சொல்லி வைத்துத்தான் வாங்கினேன். பக்கத்தில் மக்கள் மருந்தகம் இல்லாத ஊர்க்காரர்கள் தயங்காமல் அங்கே போகலாம். ஒன்றில் இல்லாதது இன்னொன்றில் இருக்கும் என்பதே எங்களுக்குப் பெரிய தைரியம்.

ஒரு மாத்திரையை மட்டும் நான் இடம் மாற்றவே இல்லை. என் தைராய்டு மாத்திரை. அதன் அளவு மைக்ரோகிராம் கணக்கு. கம்பெனியை மாற்றினால் ஆறு, எட்டு வாரத்தில் திரும்ப ரத்தம் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். நூறு மாத்திரை கொண்ட டப்பா இருநூறு ரூபாய்க்குள் முடிகிறது. மிச்சமாவது கொஞ்சம், அலைச்சல் அதிகம். அதைப் பழைய கடையிலேயே வாங்குகிறேன். அவசரத்துக்கு எழுதும் ஆன்டிபயாடிக், ராத்திரிக் காய்ச்சல் மருந்து எல்லாமும் அங்கேதான். இருபது வருட உறவு அப்படியே இருக்கிறது. இன்சுலின் வீட்டில் யாருக்கும் இல்லாததால் அதைப் பற்றி நான் சொல்வது சரியாக இருக்காது, எதிர் வீட்டு அக்கா அரசு மருத்துவமனையில் வாங்கிக்கொள்கிறார்.

ஐப்பசி பிறக்க இன்னும் பத்து நாள் இருக்கிறது. இந்த முறை 15ஆம் தேதி வரை காத்திருக்கப் போவதில்லை. அவருடைய இதய மாத்திரையில் மட்டும் மூன்று அட்டை கூடுதலாக எடுத்து வைக்கச் சொல்லித் தம்பிக்குப் போன் செய்திருக்கிறேன்.