பக்கவாதத்துக்குப் பின் அக்குபஞ்சர்: தோளுக்குச் சரி, விரலுக்கு?

அப்பாவை அழைத்துப்போகும் அக்குபஞ்சர் நிலையத்துக்கு ஐந்துக்கு மூன்றரை நட்சத்திரம். அந்த அரை, மருத்துவரின் பொறுமைக்கு.

அப்பாவுக்கு மூளையில் ரத்தக்கட்டி அடைத்து இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவு திரும்பிவிட்டது. தோள்வலிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. கையைப் பக்கவாட்டில் தூக்கினாலே கத்துவார்; பிசியோதெரபி அத்தோடு நின்றுவிடும். அதற்காகத்தான் அக்குபஞ்சரைச் சேர்த்தோம்.

முதலில் விசாரித்த இடத்தில், "மாத்திரை, பிசியோ எல்லாம் நிறுத்திடுங்க, ஊசியே போதும்" என்றார்கள். அங்கிருந்து கிளம்பியவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த மருத்துவர் அப்படி இல்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உண்டா, பேஸ்மேக்கர் உண்டா, வலிப்பு வந்ததுண்டா என்று கேட்டுவிட்டுத்தான் நாடியையே பிடித்தார். அப்பா ரத்தம் உறையாமலிருக்கக் குளோபிடோக்ரெல் மாத்திரை போடுகிறார் என்றதும், ஒவ்வொரு ஊசியை எடுத்த பிறகும் பஞ்சால் சற்று நேரம் அழுத்தி வைத்தார். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்துபவை, கண்ணெதிரே உறை பிரித்தவை. ஊசி இறங்கும் புள்ளிகளுக்கு இவர்கள் எண் வைத்திருக்கிறார்கள்: கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே எல்.ஐ.4, முழங்கை மடிப்பின் வெளியோரத்தில் எல்.ஐ.11, முழங்காலுக்குக் கீழே எஸ்.டி.36, அப்புறம் உச்சந்தலையில் சில. எல்.ஐ.4-இல் இறங்கியதும், "சுர்ருன்னு கனமா இருக்கும்மா" என்றார் அப்பா. அந்தக் கனத்த உணர்வு வந்தால்தான் ஊசி சரியாக விழுந்திருக்கிறது என்பது இவர்கள் கணக்கு. 'தே சி' என்கிறார்கள். உணர்ச்சி மங்கிய பக்கம் என்பதால் ஊசி வழியே கொடுக்கும் மின்தூண்டலை மிகக் குறைவாகவே வைத்தார்.

தோள்வலி சில வாரங்களில் நன்றாகத் தணிந்தது. ஊசி போட்ட அன்று, இறுகி மூடிய விரல்களைப் பிரிப்பது சுலபம். மறுநாள் பழைய கதைதான். எனவே பிசியோவையும் அதே நாளுக்கு மாற்றிக்கொண்டோம். செய்ததிலேயே உருப்படியான வேலை அது.

விரல்களில் பலம் கூடியதா? கொஞ்சம் கூடியது. ஆனால் அதை ஊசியின் கணக்கில் எழுத மாட்டேன். பக்கவாதம் வந்த முதல் சில மாதங்களில் மூளை தானாகவே நிறைய மீளும்; அப்பாவும் அந்தக் காலத்தில்தான் இருந்தார். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு, பக்கவாதத்துக்குப் பிந்தைய அக்குபஞ்சர் பற்றி 2016-இல் வெளியிட்ட மதிப்பாய்வு 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. பலன் இருக்கலாம், ஆனால் பெரும்பாலான ஆய்வுகளின் தரம் போதாது, அடித்துச் சொல்ல முடியாது என்பதே அதன் முடிவு. வரவேற்பறைச் சுவரில் "பக்கவாதம் முழுமையாகக் குணமாகும்" என்று ஒட்டியிருக்கும் தாளை இந்த மருத்துவர் கிழித்துப் போட்டால் நான்கு நட்சத்திரம் தருவேன்.

மிச்சக் குறை கட்டில். இடுப்பளவு உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. சக்கர நாற்காலியில் வருபவரை ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பக்கவாத நோயாளிகளுக்கென்று விளம்பரம் செய்யும் இடத்தில் இதைக்கூடவா யோசிக்க மாட்டார்கள்?

இப்போதும் போகிறோம், தோளுக்காக மட்டும். வலி இல்லாமல் கை தலைக்கு எட்டிவிட்டால் நிறுத்திக்கொள்ளலாம் என்று மருத்துவரே சொல்லியிருக்கிறார்.