வில்பத்துவா, யாலவா: சிறுத்தை பார்க்க எந்தக் காடு?

ஓகஸ்ட் மாதம் வெளிநாட்டு உறவினர் வந்திறங்கினால் யாழ்ப்பாணத்து வீடுகளில் பயணத் திட்டம் போடுவது ஒரு தனி வேலை. நல்லூர், நயினாதீவு, நுவரெலியா எல்லாம் சண்டையில்லாமல் பட்டியலில் ஏறிவிடும். ஏதாவது ஒரு பிள்ளை "சஃபாரி இல்லையா?" என்று கேட்டதும்தான் வாக்குவாதம் தொடங்கும். பெரியவர்களுக்குத் தெரிந்த பெயர் யால. எங்கள் அக்கா குடும்பம் கனடாவிலிருந்து வந்தபோது வழியைத் தீர்மானிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. சிறுத்தைக்கு வில்பத்து, யானைக்கு மின்னேரியா என்று முடிவு செய்தேன். அதற்குப் பிறகு சொந்தக்காரரும் நண்பர்களும் "ஏன் யாலவை விட்டனீர்?" என்று கேட்டபடி இருக்கிறார்கள். அவர்களுக்கான பதில் இது. நான் வில்பத்துப் பக்கம் சாய்ந்தவன், அதைத் தெரிந்துகொண்டே படியுங்கள்.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். இரண்டும் 1938இல் தேசிய பூங்காக்கள் ஆனவை. இரண்டிலும் காலை 6 மணிக்கு வாசல் திறக்கும், மாலை 6 மணிக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சிறுத்தை, கரடி, யானை, மரை, புள்ளிமான், முதலை எல்லாம் இரண்டிலும் உண்டு. இந்தத் தீவில் புலியோ சிங்கமோ கிடையாது. காட்டில் தனக்கு மேல் ஆளில்லாத மிருகம் சிறுத்தைதான். அதனால் பகலிலும் கூச்சமில்லாமல் நடமாடும். வில்பத்து வடமேற்கில் 1,317 சதுர கிலோமீட்டர், நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. யால தென்கிழக்கில் 979 சதுர கிலோமீட்டர்.

இந்தப் பரப்பளவுக் கணக்கை மட்டும் வைத்து ஏமாறக் கூடாது. யால ஐந்து வலயங்களாகப் பிரிந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிகளில் பெரும்பாலானோர் போவது முதலாம் வலயத்துக்கு. அது ஏறத்தாழ 141 சதுர கிலோமீட்டர்தான். உலகத்திலேயே சிறுத்தைகள் மிக நெருக்கமாக வாழும் இடங்களில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சொல்வது அந்தத் துண்டைத்தான். பற்றைக்காடும் வெட்டவெளியும் கலந்த நிலம். நடுநடுவே பெரிய பாறைகள், அவற்றின் மேல் சிறுத்தை படுத்திருந்தால் தூரத்திலிருந்தே தெரியும். எனவே சிறுத்தை கண்ணில் படுமா என்ற ஒரே கேள்வியை மட்டும் கேட்டால் யாலவுக்குத்தான் என் வாக்கும். இதில் வில்பத்து போட்டி போட முடியாது.

ஆனால் கண்ணில் பட்ட பிறகு என்ன நடக்கிறது? என் முடிவைத் தீர்மானித்தது அதுதான்.

யாலவில் எனக்கு அனுபவம் குறைவு. கதிர்காமம் போன வழியில், அதுவும் பள்ளி விடுமுறைக் காலத்தில் பார்த்ததுதான். கூட்டமில்லாத ஒரு நாளில் போனவர்கள் வேறு கதை சொல்லலாம். நான் கண்டதைச் சொல்கிறேன். பலட்டுபான வாசலில் விடியமுன்பே ஜீப் வரிசை. திறந்ததும் எல்லாம் ஒரே திசையில் பாய்ந்தன. கொஞ்ச நேரத்தில் எங்கள் சாரதியின் தொலைபேசி அடித்தது. யாரோ ஒருவர் பாறையடியில் சிறுத்தையைக் கண்டிருக்கிறார். அடுத்த சில நிமிடங்கள் நாங்கள் பிடித்த கம்பியை விடவில்லை. பள்ளம், புழுதி, முன்னே ஜீப், பின்னே ஜீப். போய்ச் சேர்ந்தால் நல்லூர்த் தேரன்று வாகனம் நிறுத்த இடம் தேடுவது போல இருந்தது. ஒருவர் பின்னுக்கு எடுத்தால்தான் மற்றவர் முன்னுக்குப் போகலாம், யாரும் எடுப்பதாக இல்லை. ஒரு மரத்துக்குப் பின்னால் மஞ்சளாக ஏதோ அசைந்தது. முன்னால் நின்ற ஜீப்பில் இருந்தவர்கள் எழுந்து நின்று படமெடுத்தார்கள். எங்களுக்குத் தெரிந்தது அவர்களுடைய முதுகு.

சாரதிகளை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. டிப்ஸ் பெரும்பாலும் சிறுத்தையைப் பொறுத்தது. காட்டினால் நோட்டு, காட்டாவிட்டால் முகச்சுளிப்பு. அரைநாள் சஃபாரியில் அவர் கையில் இருப்பது சில மணி நேரம். தகவல் வந்தால் ஓடத்தான் செய்வார். சிறிய பரப்பு, நிறைய ஜீப், எல்லோர் கையிலும் தொலைபேசி. இந்த மூன்றும் சேர்ந்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

வில்பத்துவில் ஏன் இந்தக் கூட்டம் இல்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. போர்க்காலத்தில் 1980களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் காடு மூடிக் கிடந்தது. 2003இல் திறந்தார்கள். 2006இல் உள்ளே கண்ணிவெடியில் ஒரு ஜீப் சிக்கி, அதில் வந்தவர்கள் இறந்துபோனார்கள். மறுபடியும் மூடி, 2010இல்தான் திறந்தார்கள். அந்த இடைவெளி முழுவதும் சஃபாரி என்றாலே தெற்கு என்று ஆகிவிட்டது. ஹோட்டல்களும் ஜீப்புகளும் திஸ்ஸமகாராமைப் பக்கம் பெருகின. 2020இல் அதிவேகப்பாதை ஹம்பாந்தோட்டை வரை நீண்டதும் கொழும்பிலிருந்து யாலவுக்குப் போவது இன்னும் சுலபமாயிற்று. வில்பத்துப் பக்கம் இப்போதுதான் விடுதிகள் கூடுகின்றன. இந்த அமைதி எத்தனை காலத்துக்கு என்று உறுதி சொல்ல மாட்டேன். போயா (பௌர்ணமி) விடுமுறையும் சனி ஞாயிறும் சேர்ந்து வந்தால் அங்கும் வரிசை உண்டு.

காட்டின் அமைப்பும் வேறு. ஹுனுவிலகம வாசலைத் தாண்டியதும் நெடுந்தூரத்துக்கு இருபுறமும் அடர்ந்த காடு, நடுவே மணல் பாதை. திடீரென்று மரங்கள் விலகி ஒரு நீர்நிலை விரியும். இவைதான் வில்லுகள். மழைநீர் தேங்கும் இயற்கைக் குளங்கள், சுற்றிவர மணலும் புல்லும். இப்படி ஐம்பதுக்கும் மேல் இருக்கின்றன. கோடையில் மிருகங்கள் தண்ணீருக்கு இங்கேதான் வந்தாக வேண்டும். ஆகவே ஒரு வில்லிலிருந்து அடுத்ததற்குப் போவதும், போன இடத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுக் காத்திருப்பதும்தான் இங்கே சஃபாரி.

எங்களுக்கு வந்த சாரதி புத்தளத்துக்காரர், நன்றாகத் தமிழ் பேசினார். அக்காவின் பிள்ளைகளுக்கும் அவர் நானாதான், அதாவது அண்ணன். மணல் பாதையில் ஓரிடத்தில் ஜீப்பை நிறுத்தி, "தம்பி, கீழ பாருங்க" என்றார். உள்ளங்கை அகலத்தில் காலடித் தடம். முந்தின நாள் ஜீப் ஓடிய டயர்த் தடத்தின் மேலே அது பதிந்திருந்தது. மாலை 6 மணிக்குப் பிறகு வண்டி ஓடாது, ஆகவே இரவிலோ விடியற்காலையிலோதான் நடந்திருக்க வேண்டும். டயர்த் தடம் அதை நசுக்கியிருந்தால் பழைய தடம், அதன் பின்னால் போய்ப் பயனில்லை. கொஞ்சம் தள்ளி மந்திகள் கத்தத் தொடங்கின. புள்ளிமான் ஒன்று ஒற்றைக் குரலில் கூவியது. சிறுத்தை கிட்ட இருக்கிறது என்ற எச்சரிக்கை அது. நானா எஞ்சினை நிறுத்தினார்.

வெகு நேரம் ஒன்றும் இல்லை. அக்காவின் சின்னவன் பிஸ்கட் பையைக் கிழிக்கப் போக, அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அதன்பிறகு காட்டின் ஓரத்திலிருந்து சிறுத்தை பாதைக்கு இறங்கியது. எங்களைத் திரும்பிப் பார்த்தது, பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாதையின் நடுவே எங்களுக்கு முன்னால் நடந்தது. வால் நுனி மேலே வளைந்து, அதன் அடிப்பக்கத்து வெள்ளை தெரிந்தது. ஒரு பற்றையை முகர்ந்து பார்த்து, திரும்பி நின்று அதன்மேல் சிறுநீர் தெளித்தது. பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு சொல்லி மாளாது. பிறகு உட்கார்ந்து காலை நக்கியது, எழுந்து காட்டுக்குள் போனது. அவ்வளவு நேரமும் அங்கே வேறு ஜீப் வரவில்லை.

இது அதிர்ஷ்டம் என்று சொல்பவர்களோடு நான் மல்லுக்கட்ட மாட்டேன். வில்பத்துவில் நாள் முழுக்கச் சுற்றிவிட்டு மயிலும் மானும் மட்டும் பார்த்துத் திரும்பியவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சிறுத்தை வரும் நாளில் அங்கே அதைப் பார்க்க முடிகிறது. யாலவில் நான் கேட்டது வேறு ஜீப்பின் ஹோர்ன்.

இதற்குக் கொடுக்கும் விலை நேரம். வில்பத்துவில் அரைநாள் எடுப்பது காசை வீணாக்குவது என்பது என் எண்ணம். வாசலிலிருந்து வில்லுகளைத் தொடவே நல்ல நேரம் போய்விடும். முழுநாள் எடுத்து, மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். உள்ளே எங்கும் நினைத்தபடி இறங்க முடியாது, அனுமதித்த இடத்தில்தான் இறங்கிச் சாப்பிடலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளோ முதுகுவலிக்காரரோ கூட வந்தால் முழுநாள் சரிவராது. அவர்களுக்கு யாலவில் காலை அரைநாளே நல்லது. அங்கே இறங்கக்கூடிய இடங்களில் ஒன்று பட்டனங்கல கடற்கரை. 2004 சுனாமியில் அங்கே இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது.

யாலவுக்கு இன்னொரு வலுவான பக்கம் கதிர்காமம். முருகனிடம் போகிற குடும்பத்துக்கு யால வழியிலேயே இருக்கிறது, தனிப் பயணம் தேவையில்லை. அப்படிப் போகிறவர்கள் பலட்டுபானவை விட்டு கடகமுவ வாசலால் போகலாமா என்று ஜீப்காரரிடம் கேட்டுப் பாருங்கள். அது கதிர்காமத்துக்குக் கிட்ட, நெரிசலும் பொதுவாகக் குறைவு. புத்தல வழியாகக் கதிர்காமத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று: வீதியோரம் யானை நின்று வாகனங்களை மறிக்கும். வாழைப்பழம் நீட்டிப் பழக்கிவிட்டவர்கள் நாங்கள்தான். கண்ணாடியை ஏற்றிவிட்டு, எதையும் கொடுக்காமல் நகருங்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். யாலவின் முதலாம் வலயத்தை வறட்சி காரணமாகப் பெரும்பாலும் செப்டெம்பர் தொடக்கத்திலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவிடுவார்கள். கோடை விடுமுறைக்கு வருகிறவர்கள் கடைசி வாரங்களுக்குச் சஃபாரியைத் தள்ளினால் அங்கே கதவு மூடியிருக்கலாம். வில்பத்துவுக்கு மே முதல் செப்டெம்பர் வரையான வறண்ட மாதங்கள்தான் நல்ல காலம். கரடி பார்க்க வேண்டுமா, ஜூன் ஜூலையில் இரண்டு காட்டிலும் பாலைப்பழம் பழுத்திருக்கும். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பழத்தின் ருசியைச் சொல்லத் தேவையில்லை. கரடிக்கும் அதே பைத்தியம், மரத்திலேயே ஏறிவிடும்.

யானைப் போட்டியை நான் அதிகம் வளர்க்கவில்லை. தெற்கே போகிறவர்களுக்கு உடவளவை. ஆண்டு முழுக்க யானை உண்டு, புல்வெளி என்பதால் மறைவு குறைவு, பக்கத்திலேயே தாயை இழந்த குட்டிகளை வளர்க்கும் இடமும் இருக்கிறது. ஓகஸ்ட் செப்டெம்பரில் வடக்கிலிருந்து வருகிறவர்களுக்கு மின்னேரியா. மகாசேன மன்னன் கட்டிய குளத்தின் நீர் வற்றி, அடியில் புல் முளைக்கும்போது நூற்றுக்கணக்கில் யானைகள் கூடும். அநேகமாக அலியன்களும் (தந்தமில்லாத ஆண் யானைகள்) பெண் யானைகளும் குட்டிகளும்தான். இலங்கையில் தந்தமுள்ள கொம்பன் அபூர்வம், கண்டால் படமெடுத்துக்கொள்ளுங்கள். குளத்தில் தண்ணீர் நிறைந்திருக்கும் ஆண்டுகளில் கூட்டம் கவுடுல்ல பக்கமோ ஹுருலு பக்கமோ நகர்ந்துவிடும். ஆகவே ஹபரணையில் ஜீப் பிடிக்கும்போது மின்னேரியாதான் வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். இன்று யானை எங்கே என்று கேளுங்கள், அவர்களுக்குத் தெரியும்.

வழி எங்களுக்கு நேராக அமைந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அனுராதபுரம் சுமார் 200 கிலோமீட்டர். அங்கிருந்து வில்பத்து வாசல் மேற்கே ஏறத்தாழ 30. அடுத்த நாள் ஹபரணைக்கு ஒன்றரை மணி நேரம். அதே காரில் யாலவுக்கு என்றால் முழுப் பகலும் வீதியில் போயிருக்கும். கொழும்பில் இறங்கி நேரே காலிப் பக்கம் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். அவர்களிடம் வில்பத்துவுக்கு வாருங்கள் என்று நான் வற்புறுத்த மாட்டேன்.

செலவில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்கு நுழைவுக் கட்டணம் எங்களைவிடப் பல மடங்கு. அக்கா அதைப் பார்த்துவிட்டு "நான் பிறந்த ஊரிலை எனக்கே இந்தக் காசோ?" என்று கேட்டாள், ஆனால் கட்டினாள். நுழைவுச்சீட்டோடு வாகனத்துக்கும் குழுவுக்கும் தனிக் கட்டணம், வரி எல்லாம் சேரும். ஜீப் வாடகை தனி. ஆகவே ஆறு பேர் ஒரே ஜீப்பில் போனால் தலைக்கு விழுவது குறையும். கடைசி வரிசையில் தூக்கிப் போடும், அதில் இளசுகளை ஏற்றுங்கள்.

எந்தக் காட்டுக்குப் போனாலும் முந்தின நாள் மாலையே சாரதியிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: சிறுத்தை கிடைக்காவிட்டாலும் டிப்ஸ் உண்டு, ஓட வேண்டாம், நின்று பார்க்கலாம். நானாவிடம் அதைச் சொன்னபோது அவர் நம்பாமல்தான் சிரித்தார். ஆனால் அடுத்த நாள் ஒரு தடவைகூட விரட்டவில்லை. பிறகு சாப்பாடு. வில்பத்துவுக்குக் கிட்ட நொச்சியாகமப் பக்கம் தங்கினால் காலை, மதியம் இரண்டுக்குமான பொதியை விடுதியில் இரவே சொல்லிவைக்க வேண்டும். ஐந்து மணிக்குப் புறப்படும்போது வழியில் திறந்த கடை இருக்காது.