குளோரின் மாத்திரை: வாங்கலாம், ஆனால் அட்டையில் உள்ள எண்ணைப் பார்த்து வாங்குங்கள்

தண்ணீரில் உள்ள கிருமியைக் கொல்லும் குளோரின் மாத்திரையை அவசரத்துக்கு வீட்டில் வைத்துக்கொள்ளலாமா என்றால், கட்டாயம் வையுங்கள் என்பேன். நான் வைத்திருப்பது 67 மில்லிகிராம். தெளிந்த தண்ணீர் 20 லிட்டருக்கு ஒன்று போதும், கேனில் போட்டு மூடி அரை மணி நேரம் விட்டால் குடிக்கலாம், அடுப்பும் வேண்டாம் கரண்டும் வேண்டாம்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது வேறு. காய்ச்சினால் கிருமி சாகும், சரி, ஆனால் ஆறிய பிறகு யாராவது கழுவாத கையோடு சொம்பை உள்ளே விட்டால் பழையபடி கெட்டுவிடும். குளோரின் போட்ட தண்ணீரில் அது கொஞ்சம் மிச்சம் தங்கி நின்று, அப்புறம் சேரும் கிருமியையும் ஓரளவு அழிக்கும். அதற்காக மெத்தனம் வேண்டாம், கை உள்ளே போகாதபடி வாய் குறுகலான, குழாய் வைத்த கேன்தான் நல்லது. உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக்காக இருக்கட்டும், ரசாயனம் வந்த கேனை எவ்வளவு கழுவினாலும் தொடாதீர்கள்.

குறை என்றால் அட்டைதான். 8.5, 17, 33, 67 மில்லிகிராம் என்று பல அளவில் வருகிறது, பார்க்க எல்லாம் ஒரே மாதிரி, எழுத்தோ பொடிப்பொடியாக இருக்கிறது. இருட்டில், பதற்றத்தில் யார் அதைப் படிப்பது? வாங்கிய அன்றே எத்தனை லிட்டருக்கு ஒன்று என்று பெரிதாக எழுதி கேனிலேயே ஒட்டிவிடுங்கள். வாசனையும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், இரண்டு பாத்திரத்தில் மாற்றி மாற்றி ஊற்றினால் குறையும்.

கலங்கிய தண்ணீரில் அப்படியே போடாதீர்கள், மண்ணும் அழுக்கும் குளோரினைத் தின்றுவிடும். தெளியவைத்து துணியில் வடிகட்டிய பிறகு போடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி மட்டும் இதற்கு அசையாது, ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால்தான் சாகும். பூச்சிமருந்தோ பெட்ரோலோ கலந்திருந்தால் மாத்திரையும் உதவாது, காய்ச்சுவதும் உதவாது.

அதனால் நல்ல தண்ணீரை முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் முதல் வேலை. ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் வீதம் குறைந்தது மூன்று நாளுக்கு, வெயில் படாத இடத்தில் வைத்து, வீட்டில் பிடித்ததை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாத்திரை அதற்கு அடுத்தபடிதான்.

அட்டையைக் குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள், காய்ச்சல் மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். விழுங்கக் கூடாது என்பதையாவது அட்டையில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்க வேண்டும்.