ஹன்னா எச்ஐ736 பாஸ்பரஸ் செக்கர்: நிறம் மங்கும் சாஃப்ட் கோரல் டேங்குக்கு எவ்வளவு உதவும்?

கடல்நீர் டேங்கில் வளர்க்கும் லெதர் கோரல் என்ற சாஃப்ட் கோரல் (மென்பவளம்) வெளிற ஆரம்பித்ததும் பலர் வாங்குவது அயோடின் பாட்டில். அது கைகொடுக்காவிட்டால் நிறம் கூட்டும் என்று விற்கப்படும் சப்ளிமென்ட். அந்தப் பணத்தை முதலில் தண்ணீரில் பாஸ்பரஸை அளக்கும் இந்தச் சின்ன மீட்டருக்குப் போடுங்கள். சாஃப்ட் கோரலின் பழுப்பு நிறம் அதன் சதைக்குள் வாழும் சூசாந்தெல்லே பாசியிலிருந்து வருகிறது. அந்தப் பாசிக்கு நைட்ரஜனும் பாஸ்பரஸும் வேண்டும். மீன் குறைவு, ஸ்கிம்மர் (நுரையால் கழிவை அகற்றும் கருவி) பெரிது, ரியாக்டரில் ஜிஎஃப்ஓ (பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்பு ஆக்சைடு துகள்) ஓடிக்கொண்டே இருக்கிறது என்றால் பாஸ்பேட் பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். பாசி குறையும், கோரல் வெளிறும்.

மீட்டரை எடுக்கும் முன் கோரலைக் கிட்டத்தில் பாருங்கள். டோட்ஸ்டூல் என்ற காளான் வடிவ லெதர் கோரலின் குடை, காம்பு, அடி எல்லாமே ஒரே சீராக மங்கியிருந்தால் பட்டினி என்று சந்தேகிக்கலாம். லைட்டைப் பார்த்த குடையின் மேல்பக்கம் மட்டும் வெளுத்து, குடைக்கு அடியிலும் காம்பிலும் நிறம் அப்படியே இருந்தால் வெளிச்சம் அதிகம். பாலிப்களை (கோரலின் சின்னச் சின்ன வாய்களை) உள்ளே இழுத்துக்கொண்டு மெழுகு பூசியதுபோல் மினுங்கினால் தோல் உரிக்கிறது. அதற்கு நீரோட்டத்தைச் சற்றுக் கூட்டினால் போதும், சில நாளில் திறந்துகொள்ளும். உப்பளவு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25–26 டிகிரி, ஆல்கலினிட்டி (காரத்தன்மை) 8–9 டிகேஎச் இருக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

இனி மீட்டர். சொட்டு மருந்து கிட்டில் 0.03 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு) பாஸ்பேட் என்பது அட்டையோடு ஒப்பிட்டுக் கண்ணால் பிரிக்க முடியாத வெளிர்நீலம். எச்ஐ736 அதை எண்ணாகக் காட்டும். ஆனால் காட்டுவது பாஸ்பேட் அல்ல, பாஸ்பரஸ், அதுவும் பிபிபி (நூறு கோடியில் ஒரு பங்கு) கணக்கில். 3.066ஆல் பெருக்கி 1000ஆல் வகுத்தால் பாஸ்பேட் பிபிஎம் கிடைக்கும். திரையில் 10 வந்தால் 0.03, 33 வந்தால் 0.10. சாஃப்ட் கோரலுக்கு இந்த இரண்டுக்கும் நடுவே நின்றால் நல்லது. கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு எச்ஐ774 நேராகப் பாஸ்பேட்டையே காட்டும். ஆனால் அதன் பிழை வரம்பு ±0.02 பிபிஎம், கூடவே அளவில் 5 சதவீதம். 736இல் ±5 பிபிபி, அதாவது பாஸ்பேட்டில் சுமார் 0.015, கூடவே அதே 5 சதவீதம். பட்டினி டேங்கில் அந்தச் சின்ன வித்தியாசமும் பயன்படும். 736க்கே எங்கள் ஓட்டு.

குறை மீட்டரில் இல்லை, பவுடர் பாக்கெட்டில். குப்பியில் 10 மி.லி. டேங்க் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் துடைத்து, சி1 வந்ததும் உள்ளே வைத்துப் பட்டனை அழுத்த வேண்டும். சி2 வந்ததும் குப்பியை எடுத்து, ஒரு பாக்கெட் முழுவதையும் கொட்டி, 2 நிமிடம் மெதுவாகக் குலுக்க வேண்டும். பிறகு உள்ளே வைத்துப் பட்டனை அழுத்திப் பிடித்தால் 3 நிமிட டைமர் ஓடி அளவு வரும். பட்டனை முதலில் தொடும் முன்பே பாக்கெட்டை வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். தாமதித்தால் மீட்டர் தானாக அணைந்து, மறுபடி சி1இலிருந்து தொடங்க வேண்டிவரும். பாக்கெட் மூலையில் பவுடர் தங்கினால் அளவு குறைவாக வரும். வாயை ‘வி’ போல மடித்துத் தட்டிக் கொட்டுங்கள். கைரேகை, கீறல், சுவரில் ஒட்டிய நுண்குமிழி, கரையாத துகள் எல்லாம் அளவை ஏற்றிக் காட்டும். இரண்டு அளவுக்கும் ஒரே குப்பி, ஒரே திசை. குப்பியின் மேலே உள்ள கோட்டை முன்பக்கம் பார்த்து வைப்பது பழகிவிட்டால் எண் அலைபாயாது. 0 வந்தாலும் 4 வந்தாலும் ஒன்றாகவே எண்ணுங்கள். மூன்று நாள் ஒரே நேரத்தில் அளந்து பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

மூன்று நாளும் 5க்குக் கீழே என்றால் ஜிஎஃப்ஓவைக் கழற்றிவிட்டு மீன் தீவனத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு வாரத்தில் அசையவில்லையா? 1 கிராம் மோனோபொட்டாசியம் பாஸ்பேட்டை 1 லிட்டர் ஆர்ஓ தண்ணீரில் கரையுங்கள். அதில் 4 மி.லி., 100 லிட்டர் நிகர நீரில் பாஸ்பேட்டைச் சுமார் 0.03 பிபிஎம் ஏற்றும். முதல் நாள் 2 மி.லி. போதும். மறுநாள் திரும்பவும் 0 காட்டினால் பதறாதீர்கள், கல்லும் மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சிக்கொள்கின்றன. அவை நிறைந்த பிறகுதான் எண் நிற்கும். கண்ணாடியிலும் மணலிலும் குமிழி கோத்த பழுப்புச் சளி படர்ந்தால் அது டைனோஃபிளாஜெல்லேட்டாக இருக்கலாம். பூஜ்யத்தில் கிடக்கும் டேங்கில் அது வருவது வழக்கம்.

இந்த மீட்டர் சொல்லாதது நைட்ரேட். அதற்குத் தனி டெஸ்ட் வாங்கியே ஆக வேண்டும். நைட்ரேட் ஏறி பாஸ்பேட் வற்றிக் கிடந்தால் வெப்பத்துக்கும் வெளிச்சத்துக்கும் கோரல் சீக்கிரம் வெளுக்கும் என்று சவுத்தாம்டன் பல்கலைக்கழகக் குழுவினர் 2013இல் காட்டினார்கள். நைட்ரேட் 5–15 பிபிஎம் வைத்திருங்கள்.

எண் சரியாக இருந்தும் குடையின் மேல்பக்கம் வெளுக்கிறதா? சமீபத்தில் ஆக்டிவேட்டட் கார்பனை முழுவதுமாக மாற்றினீர்களா என்று யோசியுங்கள். தண்ணீரின் மஞ்சள் ஒரே நாளில் போய்விட்டால், லைட்டை யாரும் தொடாமலே கோரல் மேல் விழும் வெளிச்சம் கூடிவிடும். கார்பனைப் பாதி பாதியாக மாற்றுங்கள். லைட்டை 20 சதவீதம் குறைத்து வாரம் 5 சதவீதமாக ஏற்றுங்கள். லெதருக்கு 50–150 பார் (கோரலுக்குப் பயன்படும் வெளிச்சத்தின் அளவு) போதும், மஷ்ரூம் கோரலுக்கு அதில் கீழ்ப்பகுதி.

மீட்டரோடு வரும் பாக்கெட் சீக்கிரம் தீரும். 25 பாக்கெட் பெட்டி ஒன்றைச் சேர்த்தே வாங்குங்கள், காலாவதித் தேதியைக் கடையிலேயே பார்த்து. சம்ப் (டேங்குக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) இருக்கும் அலமாரிக்குள் வைக்காதீர்கள், ஈரத்தில் பவுடர் கட்டியாகிவிடும்.