வசுதாரா அருவிக்கு வாகனம் போகும் என்று சொன்னால் நம்பாதீர்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து வட இந்திய யாத்திரைக்கு முற்பணம் கட்டி வைத்திருக்கிறவர்கள் இதை வாசித்துவிட்டு மிச்சக் காசைக் கட்டுங்கள்.

போன செப்டெம்பரில் அம்மாவையும் பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு பத்ரிநாத் போனேன். அம்மாவுக்கு 67 வயது. பத்ரிநாத்துக்கு அப்பால் இருக்கிற வசுதாரா அருவியைப் பார்க்க வேண்டும் என்பது அவரின் நெடுநாள் ஆசை. மலையில் பனி உருகி ஏறத்தாழ 400 அடி உயரத்தில் இருந்து விழுகிற தண்ணீர் அது, பாவம் செய்தவர் மேல் துளியும் படாது என்று சொல்வார்கள். அதனால்தான் அம்மாவால் அங்கே போக முடியுமா என்று பயண முகவரிடம் முதலே கேட்டேன். "ஒன்றும் யோசிக்காதேங்கோ தம்பி, வான் கிட்டப் போகும், அம்மா பத்து நிமிசம் நடந்தால் சரி" என்றார். பற்றுச்சீட்டிலும் 'வசுதாரா உட்பட' என்று எழுதித் தந்தார், அதற்கென்று ஆளுக்குத் தனிக் காசும் வாங்கினார்.

உண்மை என்னவென்றால் வாகனம் மாணா கிராமத்தோடு நின்றுவிடும். பத்ரிநாத்தில் இருந்து 3 கிலோமீற்றர். அங்கிருந்து சரஸ்வதி ஆற்றின் மேலுள்ள பீம் புல் என்ற பெரிய பாறையைக் கடந்து ஐந்தாறு கிலோமீற்றர் கல்லும் ஏற்றமுமான பாதையில் நடக்க வேண்டும், திரும்பி வரவும் அதே தூரம். மாணாவே 3,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது, நல்லூரில் நாலு வீதி சுற்றுகிற கால்களுக்கே அங்கே நாற்பது அடியில் மூச்சு வாங்கும். காலையிலேயே வெளிக்கிட்டால்தான் வெளிச்சத்தோடு திரும்பலாம். எங்களைக் கொண்டுபோய் இறக்கியது பின்னேரம் இரண்டரைக்கு.

வழிகாட்டி என்று வந்தவர் தூரத்து மலைப்பக்கம் கையைக் காட்டி "அதுதான், படம் எடுங்கள்" என்றார். நடந்து போகலாம் என்றால் இனி நேரமில்லை, நாளைக்கு என்றால் நாளைக்கு இறங்க வேண்டும். அந்த அட்டவணையைப் போட்டது அவர்கள்தானே? முதல் நாள் ரிஷிகேசத்தில் இருந்து முந்நூறு கிலோமீற்றர் வரையான மலைப்பாதையை ஒரே மூச்சில் ஓட்டி வந்ததில் பெரியம்மாவுக்கு இரவு முழுக்கத் தலையிடி, வாந்தி. உயரத்துக்கு உடம்பு பழக ஒரு நாள் விட்டிருந்தால் இது இவ்வளவுக்கு வந்திருக்காது.

இன்னொன்று, யாத்திரைப் பதிவுக்கு என்றும் ஆளுக்குக் காசு எடுத்தார்கள். நாங்கள் போனபோது உத்தராகண்ட் அரசின் அந்தப் பதிவு இலவசம். அது எனக்கு ரிஷிகேசம் போன பிறகுதான் தெரிந்தது.

எனக்குக் காசைவிட நெஞ்சில் நிற்பது வேறு. திரும்பும்போது அம்மா வானில் மெதுவாக, "எனக்குக் குடுப்பினை இல்லைப் போல, என்ன பாவம் செய்தேனோ" என்றார். அந்த அருவி மெல்லிய தாரை, காற்று அடித்தால் சாரல் எங்கெங்கோ சிதறிப் போகும், அதில் பாவமும் இல்லை புண்ணியமும் இல்லை என்று எவ்வளவோ சொன்னேன். ஒரு முகவரின் பொய்யை அம்மா தன் பாவம் என்று நினைத்துக்கொண்டு வந்தார், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஊருக்கு வந்து கேட்டபோது "அருவி காட்டினோம்தானே" என்றார்கள். காசு திரும்பவில்லை. நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறைப்பாடு எழுதுகிறேன், ஆனால் 'உட்பட' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? நீங்கள் காசு கட்ட முதல் எத்தனை கிலோமீற்றர் நடை, எத்தனை மணிக்கு மாணாவில் இறக்குவார்கள், பத்ரிநாத்தில் எத்தனை இரவு, இந்த மூன்றையும் பற்றுச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மாட்டோம் என்றால் எழும்பி வந்துவிடுங்கள்.