ஊட்டிக் குளிருக்கு கேஸ் ஹீட்டர்: ஹாலுக்குச் சரி, படுக்கையறைக்கு வேண்டவே வேண்டாம்

கேஸ் ரூம் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வாங்கலாம். ஆனால் எல்லோரும் விழித்திருக்கும் அறையில், ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்து, தூங்கப் போகும் முன் அணைத்துவிடுவீர்கள் என்றால் மட்டும். இதில் ஒன்று முடியாது என்றாலும் அந்தப் பணத்துக்கு நல்ல கம்பளி வாங்கிவிடுங்கள்.

எங்கள் வீடு உதகையில். மேல்மாடியில் இரண்டு அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுகிறோம். நவம்பரில் நீர்ப்பனி தொடங்கி, டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் என் அத்தைக்கு மூட்டுவலி தாங்காது. கரண்ட் ஹீட்டர் இருக்கிறது. ஆனால் காற்றடித்து மரம் விழுந்தால் முதலில் போவது கரண்ட்தானே? அதற்காகத்தான் கோவையிலிருந்து இதை வாங்கி வந்தோம். சக்கரம் வைத்த இரும்புப் பெட்டி. முன்னால் மூன்று பீங்கான் தட்டுகள், பின்னால் சிலிண்டர் நிற்க இடம். 4.2 கிலோவாட்.

சூடு அருமை. பற்றவைத்த சில நிமிடங்களில் தட்டுகள் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். எதிரே உட்கார்ந்தவருக்கு உடனே இதமாக இருக்கும். செலவுதான் யோசிக்க வைக்கும். மூன்று தட்டும் எரிந்தால் மணிக்குச் சுமார் 300 கிராம் கேஸ் போகும். 14.2 கிலோ சிலிண்டர் 47 மணி நேரத்தில் காலி. ஒரு தட்டு மட்டும் என்றால் 100 கிராம்தான். நாங்கள் மூன்றையும் போட்டு அறை சூடேறியதும் ஒன்றுக்குக் குறைத்துவிடுகிறோம்.

கடைக்காரர் சொன்னது ஒன்று இன்னும் மனதை உறுத்துகிறது. "ஜன்னலெல்லாம் நல்லா சாத்திருங்க மேடம், அப்பத்தான் சூடு நிக்கும்." இதைவிட ஆபத்தான ஆலோசனை இருக்க முடியாது. இந்த ஹீட்டருக்குப் புகைபோக்கி கிடையாது. அது எரிக்கும் ஆக்ஸிஜன் நம் அறைக் காற்றிலிருந்துதான் போகிறது, எரிந்து வருவதும் அதே அறைக்குள்தான் நிற்கிறது. ஆக்ஸிஜன் குறைந்தால் கேஸ் அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்ஸைடு உண்டாகும். அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வரும். தூங்குபவருக்கு அதுவும் தெரியாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன செய்திகளைப் படித்திருக்கிறோமே, அதே வாயுதான்.

இந்த மாடலில் நான் மிகவும் மதிப்பது ஆக்ஸிஜன் சென்சார். சின்னதாக, எப்போதும் எரியும் ஒரு பைலட் சுடர், தெர்மோகப்பிள் என்ற சூட்டை உணரும் கம்பியின் முனையைச் சுட்டுக்கொண்டே இருக்கும். காற்றில் வழக்கமாக 21 சதவீதம் இருக்கும் ஆக்ஸிஜன் 18 சதவீதத்தை நெருங்கினால் சுடர் முனையை விட்டு விலகும், முனை ஆறும், வால்வு தானாக மூடிக்கொள்ளும். மின்சாரமே வேண்டாம். ஆனால் நம் ஊருக்கு இதில் ஒரு சிக்கல். உதகை சுமார் 2,240 மீட்டர், அதாவது 7,300 அடிக்கு மேல். சில அமெரிக்க ஹீட்டர்களின் கையேட்டிலேயே 7,000 அடிக்கு மேல் தானாக அணையலாம் என்று எழுதியிருக்கும். காற்று அவ்வளவு மெல்லியது. எங்கள் வீட்டிலும் சில ராத்திரிகளில் ஜன்னல் திறந்திருந்தும் அணைந்துவிடுகிறது. பார்க்க வந்த மெக்கானிக், "சென்சாரை பைபாஸ் பண்ணிடலாங்க்கா, தொந்தரவே இருக்காது" என்றார். தொடவே விடவில்லை. பைலட்டில் படிந்த தூசியைச் சுத்தம் செய்யச் சொன்னேன், பாதித் தொந்தரவு அதிலேயே போயிற்று. மீதிக்கு, அணைந்தால் அறையைக் காற்றாட விட்டுவிட்டுத் திரும்பப் பற்றவைக்கிறோம்.

அந்த சென்சார் பார்ப்பது ஆக்ஸிஜனை மட்டும்தான். அதனால் கார்பன் மோனாக்ஸைடு அலாரம் ஒன்றையும் தனியாக வாங்கி வையுங்கள். ஹீட்டர் விலையோடு பார்த்தால் சின்னச் செலவு. கேஸ் லீக் அலாரம் வேறு, இது வேறு. எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும், பள்ளமான இடத்தில் தேங்கும். ஆகவே லீக் அலாரம் தரைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சிலிண்டர் மாற்றும்போது நான் பக்கத்திலேயே நிற்பேன். வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக இருக்கிறதா, ரெகுலேட்டர் 'டக்' என்று உட்கார்ந்ததா என்று பார்த்துவிட்டு சோப்பு நுரை தடவுவோம். குமிழ் வந்தால் லீக். தீக்குச்சி கொளுத்திப் பார்க்கும் வேலையெல்லாம் வேண்டாம். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட சுரக்ஷா டியூப்தான். ஐந்து வருடத்தில் மாற்ற வேண்டும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல், ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து வெளியே வந்து 1906-க்கு ஃபோன் போடுங்கள்.

விடியற்காலைக் குளிரில் சிலிண்டருக்குள் அழுத்தம் குறைந்து தணல் மங்கும். நம் சிலிண்டர் கேஸில் கலந்திருக்கும் பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரிக்கு அருகிலேயே ஆவியாவதை நிறுத்திவிடும். அதற்காகச் சிலிண்டரைப் படுக்கப் போடுவதும், அடுப்புப் பக்கம் வைத்துச் சூடாக்குவதும் இங்கே பல வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். படுக்கப் போட்டால் கேஸுக்குப் பதில் திரவமே பர்னருக்கு வரும், தீ சீறிக்கொண்டு கிளம்பும்.

இன்னொரு குறை ஈரம். ஒரு கிலோ கேஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் மேல் தண்ணீர் நீராவியாக வெளியே வரும். ஜன்னல் கண்ணாடியில் நீர் வழியும், சுவரில் பூஞ்சை பிடிக்கும். மழைக்காலத்தில் காயாத துணியை இதன் முன்னால் தொங்கவிடும் ஆசையும் வரும். துணி, திரை, சோஃபா எல்லாம் ஒரு மீட்டருக்கு அப்பால்தான் இருக்க வேண்டும்.

கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது. அத்தை வயதுக்காரர்கள் இருக்கும் வீட்டுக்கு விற்கும் பொருளில் தமிழில் ஒரு பக்கமாவது இருக்க வேண்டாமா? நானே பெரிய எழுத்தில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கிறேன்.

விருந்தினர்கள், "ராத்திரி முழுக்க ரூம்ல போட்டுக்கலாமாங்க?" என்று கேட்பார்கள். கூடுதல் காசு தருகிறேன் என்பவர்களும் உண்டு. தர மாட்டோம். ஹாலில் பத்து மணி வரை வந்து குளிர்காயலாம். அறைக்கு எண்ணெய் நிரப்பிய கரண்ட் ஹீட்டர், கரண்ட் போனால் வெந்நீர்ப் பையும் இரண்டு கம்பளியும்.