மூட்டு மாற்று சிகிச்சைக்குப் பிறகு வீட்டு இணையம்: கிருஷ்ணகிரியில் ஒரு பழுதுநீக்கும் சேவை

கிருஷ்ணகிரி பெங்களூரு சாலையில் கணினியும் கண்காணிப்புக் கேமராவும் பழுதுபார்க்கும் ஒரு சிறு கடை இருக்கிறது. வீட்டு வைஃபை, ஃபைபர் இணைப்பு தொடர்பான கோளாறுகளையும் அவர்கள் நேரில் வந்து சரிசெய்து தருகிறார்கள். விளம்பரம் வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரைக் குறிப்பிடவில்லை. ஆனால் அவர்கள் வேலை செய்த முறையை விரிவாக எழுதியாக வேண்டும் என்று நினைக்கிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஒருவர் படுத்திருக்கும் வீட்டில் இணையத்தைச் சரிசெய்யும்போது நோயாளியின் கட்டிலிலிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் அவர்கள்.

அம்மாவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெங்களூருவில் நடந்தது. ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தூரத்தைக் காரில் காலை மடக்கியபடி உட்கார்ந்து அடிக்கடி கடப்பது அவரால் ஆகாது என்பதால், தையல் பிரித்த பிறகான பயிற்சிகளை வீடியோ அழைப்பில் பார்த்துத் திருத்துவதற்கு அங்குள்ள பிசியோதெரபிஸ்ட் ஒப்புக்கொண்டார். எங்கள் வீடு பழையபேட்டையில் உள்ள பழைய வீடு. கீழ்த்தளச் சுவர்கள் முழுவதும் கருங்கல். மேல்தளம் பிற்பாடு செங்கல்லில் கட்டியது. ஃபைபர் இணைப்பும் ரவுட்டரும் மேல்தளத்தில் இருந்தன, அம்மாவின் அறையும் அங்கேதான் இருந்தது. சிகிச்சைக்குப் பிறகு தினமும் படி ஏறி இறங்குவது கூடாது என்பதாலும், வெஸ்டர்ன் கழிப்பறை கீழே இருப்பதாலும், அவருடைய கட்டிலைக் கீழ்த்தள அறைக்கு மாற்றினோம். அதுவரை ஒரு குறையும் இல்லாமல் இயங்கிய இணையம் அந்த அறையில் மட்டும் படுத்துவிட்டது. படம் உறைந்து நிற்கும், குரல் விட்டுவிட்டு வரும், பயிற்சியின் பாதியில் அழைப்பு அறுந்துபோகும்.

இணைய நிறுவனத்தின் சேவை எண்ணை அழைத்தால் மோடத்தை அணைத்து மறுபடி போடச் சொன்னார்கள். அதற்கும் சரியாகாதபோது 100 எம்பிபிஎஸ் திட்டத்தை விட்டு 300 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறச் சொன்னார்கள். வேறொரு கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு ரிப்பீட்டரை, அதாவது வைஃபை சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் சிறு கருவியைச் செருகினால் போதும் என்றார்கள். இருவருமே எங்கள் வீட்டைப் பார்க்காமல் சொன்ன யோசனைகள் இவை. விலை கொடுத்து வாங்கும் வேகம் தெருவிலிருந்து மோடம் வரைக்கும்தான் கூடும். மோடத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் கருங்கல் சுவரை அது ஒன்றும் செய்யாது.

பெங்களூரு சாலைக் கடைக்காரர் தம் உதவியாளருடன் வந்ததும் கேட்ட முதல் கேள்வியே வேறாக இருந்தது: "அம்மா படுத்துக்கிட்டுப் பேசுறாங்களா, உட்கார்ந்து பேசுறாங்களாங்க? போனை எங்க வைக்கிறீங்க?" அம்மாவிடம் அனுமதி கேட்டு, அவருடைய போனையே வாங்கி, அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே வைத்துச் சோதனையைத் தொடங்கினார். நடு ஹாலில் நின்று ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று கிளம்பும் ஆட்களைப் பார்த்துப் பழகிய எங்களுக்கு இதுவே பெரிய நிம்மதியைத் தந்தது.

சோதனையை அவர் வெளியிலிருந்து உள்ளே, ஒரு கண்ணியை விட்டு அடுத்த கண்ணிக்குப் போகாமல் செய்தார். மேல்தளத்து மோடத்தில் ஃபைபர் இணைப்பு இருப்பதைக் காட்டும் பான் (PON) விளக்கு பச்சையில் நிலையாக எரிகிறது, ஒளி வராவிட்டால் எரியும் லாஸ் (LOS) விளக்கு சிவப்பாகவில்லை என்பதைப் பார்த்த பிறகும் அதோடு விடாமல், ஃபைபரின் முனையைக் கழற்றிப் பவர் மீட்டரில் செருகி ஒளியின் அளவை எடுத்தார். அது -20 டிபிஎம் (ஒளியின் ஆற்றலை அளக்கும் அலகு) அளவில் இருந்தது. வீடுகளுக்கு வரும் ஃபைபர் இணைப்பில் இந்த அளவு பொதுவாக -8 முதல் -27 வரை இருந்தால் மோடம் சரியாக வேலை செய்யும். அதற்குக் கீழே இறங்கினால்தான் வயர் எங்கோ மடங்கியிருக்கிறது, அல்லது இணைப்பு முனையில் அழுக்கு படிந்திருக்கிறது என்று தேட வேண்டும். அடுத்து மடிக்கணினியை லேன் வயர் மூலம் நேராக மோடத்தில் இணைத்துப் பார்த்தார். திட்டத்தில் சொன்ன வேகம் குறையாமல் வந்தது. ஆகவே நிறுவனத்தின் பக்கம் பழுது இல்லை என்பது அங்கேயே தீர்ந்துவிட்டது. எங்களிடம் அதுவரை யாரும் இதைச் செய்து காட்டியதில்லை.

பிறகு மடிக்கணினியுடன் கீழே வந்து அம்மாவின் கட்டிலருகே வைஃபையில் இணைத்து, இணையத்துக்கு அல்லாமல் எங்கள் சொந்த ரவுட்டரின் முகவரியான 192.168.1.1க்குப் பிங் அனுப்பினார், அதாவது ஒரு சிறு செய்தியை அனுப்பிப் பதில் வர எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார். மேல்தளத்தில் இரண்டு மூன்று மில்லிசெகண்டில் வந்த பதில், இங்கே சில நூறு மில்லிசெகண்டு எடுத்தது. சில பதில்கள் வரவே இல்லை. வீட்டுக்குள் இருக்கும் ரவுட்டரையே ஒழுங்காக எட்ட முடியாத போது பெங்களூருவை எட்டும் பேச்சுக்கே இடமில்லை என்பதை அந்தத் திரையில் நாங்களே பார்த்துக்கொண்டோம்.

போனில் சிக்னல் கோடுகள் தெரிகின்றனவே, பிறகு ஏன் இப்படி என்று கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் எல்லாருக்கும் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன். போனில் தெரியும் கோடுகள் ரவுட்டர் பேசுவது போனுக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டுகின்றன. போனின் ஆன்டெனாவும் அது வெளியிடும் ஆற்றலும் ரவுட்டருடையதைவிடச் சிறியவை. ஆகையால் போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்காமல் போகலாம். படம் பார்ப்பவர்களுக்கு இது பெரிதாகத் தெரியாது, ஏனென்றால் அவர்களுக்குத் தகவல் பெரும்பாலும் ஒரே திசையில் வருகிறது. பிசியோதெரபி அழைப்பிலோ எங்களிடமிருந்து போகும் படம்தான் முக்கியம். பிசியோதெரபிஸ்டின் முகம் அம்மாவுக்குத் தெளிவாகத் தெரிந்து பயனில்லை. அம்மாவின் முழங்கால் அவருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.

ரிப்பீட்டர் அவர் கடையிலேயே விற்பனைக்கு இருக்கிறது. இருந்தும் அதை வைக்க அவர் மறுத்துவிட்டார். ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் திருப்பி அனுப்பும் சாதாரண ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகும் என்றும், படிக்கட்டின் அடியில் சிக்னல் ஏற்கெனவே நைந்துபோயிருப்பதால் நைந்ததையே அது பெருக்கித் தரும் என்றும் சொன்னார். மேல்தளத்திலிருந்து கீழ் அறைக்கு லேன் வயர் இழுத்து, அதன் முனையில் இன்னொரு ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறையில், அதாவது வயரில் வரும் இணையத்தை வைஃபையாக மட்டும் தரும்படி வைப்பதுதான் அவர் தேர்ந்த தீர்வு. எங்கள் வீட்டில் பயன்படாமல் கிடந்த பழைய இருபட்டை (2.4, 5 கிகாஹெர்ட்ஸ்) ரவுட்டரே அதற்குப் போதும் என்று சொல்லி, புதிதாக ஒன்றை விற்கும் வாய்ப்பையும் அவரே விட்டுக்கொடுத்தார். அதில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஹெச்சிபியை நிறுத்தி, மேல்தள ரவுட்டருக்கு உள்ள அதே பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றுக்கொன்று குறுக்கிடாத 1, 6, 11 ஆகிய சேனல்களில் மேலுள்ளதற்கு 1, கீழுள்ளதற்கு 11 என்று பிரித்து வைத்தார். அம்மாவின் போனை 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் சேர்த்தார். தூரமும் சுவரும் இல்லாத ஒரே அறைக்குள் அந்தப் பட்டைதான் நல்லது.

இந்தச் சேவையில் நான் மிகவும் மதிக்கும் பகுதி, வயர் போன வழி. உதவியாளர் முதலில் படிக்கட்டு ஓரமாக வயரை இறக்கி, அறையின் நிலைப்படியைத் தாண்டித் தரையோடு கொண்டுவருவதாகச் சொன்னார். குறைந்த வேலையில் முடியும் வழி அதுதான். உரிமையாளர் அவரை நிறுத்தி, "அம்மா ராத்திரியில கழிப்பறைக்கு எந்தப் பக்கமா போவாங்க?" என்று கேட்டு, கட்டிலிலிருந்து கழிப்பறை வரை வாக்கர் போகும் பாதையைத் தாமே நடந்து பார்த்தார். மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் முதல் சில வாரங்களில் காலை நன்றாகத் தூக்கி வைக்க மாட்டார்கள். தொடை முன்தசைக்கு வலு திரும்பியிருக்காது. தரையில் கிடக்கும் வயரும் மிதியடியும் அவர்களுக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மருத்துவமனையில் எங்களுக்குப் பலமுறை சொல்லியிருந்தார்கள், ஆனால் அதை ஒரு வயர் இழுப்பவர் நினைத்துப் பார்ப்பார் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை. வயர் மேல்தள ஜன்னல் வழியாக வெளியே வந்து, சன்ஷேடுக்கு அடியில் சுவரோடு இறங்கி, கீழ் அறையின் வென்டிலேட்டர் வழியாக உள்ளே நுழைந்தது. கருங்கல்லில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. வெயிலில் சாதாரண உறை சில காலத்தில் வெடித்துவிடும் என்பதால் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறை கொண்ட கேட் 6 வயரைப் போட்டார். வென்டிலேட்டரில் நுழைவதற்கு முன் வயரைச் சற்றுக் கீழ்நோக்கித் தொங்கவிட்டு மேலேற்றினார். மழைநீர் வயரோடு ஓடி அறைக்குள் வராமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முனைகளில் பிளக்கை அழுத்திப் பொருத்தி (கிரிம்ப் செய்து) முடித்த பிறகு எட்டுக் கம்பிகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று டெஸ்டரில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான்கு கம்பி மட்டும் பிடித்திருந்தாலும் இணையம் வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும்; அந்தக் குறையைப் பிற்பாடு கண்டுபிடிப்பது கடினம். தரையில் கிடந்த எங்கள் எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் கட்டிலின் தலைமாட்டு மேசைக்கு அவரே மாற்றி வைத்தார்.

பணம் வாங்கும் முன் ஒரு வீடியோ அழைப்பைச் செய்து பார்க்க வேண்டும் என்று அவரே சொன்னார். அன்று மாலைப் பயிற்சி நேரம் நெருங்கியிருந்ததால் பிசியோதெரபிஸ்டையே அழைத்தோம். போனைக் கட்டிலின் பக்கவாட்டில், முழங்காலின் உயரத்தில் ஒரு ஸ்டாண்டில் வைத்தோம். மேலிருந்து காட்டினால் மடக்கும் கோணம் தெரியாது. படம் தெளிவாகப் போனதுமே பிசியோதெரபிஸ்ட் கண்டது, அம்மா ஓய்வாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் வைத்திருந்த தலையணையை. அதை உடனே எடுக்கச் சொன்னார். அப்படியே வைத்துப் பழகினால் முழங்கால் முழுவதும் நீளாமல் மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும் என்றும், துணியைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து முழங்காலைத் தானாக நேராக விட வேண்டும் என்றும் விளக்கினார். குதிகாலைப் படுக்கையோடு இழுத்து மடக்கும் பயிற்சியில் அம்மா இடுப்பைத் தூக்கி ஏமாற்றாமல் மடக்குகிறாரா என்பதையும் அன்றுதான் அவரால் பார்க்க முடிந்தது. உறைந்து உறைந்து வந்த பழைய அழைப்புகளில் இவை எதுவும் அவர் கண்ணில் படவில்லை. வீட்டு வைஃபை எங்களுக்குச் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டது என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

மின்வெட்டுக்கு மோடத்துக்கும் இரண்டு ரவுட்டர்களுக்கும் 12 வோல்ட் மினி யுபிஎஸ் வைக்கும்படி யோசனை சொன்னார்கள். ஒவ்வொரு கருவியின் அடாப்டரிலும் எழுதியுள்ள வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்தே வாங்க வேண்டும் என்று எச்சரித்து, பொருத்தமானது கடையில் இருப்பில் இல்லாததால் வெளியில் வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

கட்டணம் நியாயமானது. வருகைக்கு ஒரு தொகை, வயருக்கு மீட்டர் கணக்கு, வேலைக்கூலி என்று மூன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். மூன்றையும் சேர்த்தாலும், உயர்ந்த வேகத் திட்டத்துக்கு மாறியிருந்தால் ஓராண்டில் கூடுதலாகக் கட்டியிருக்கும் பணத்தைவிடக் குறைவாகவே வந்தது.

குறைகளும் இருக்கின்றன. நேரத்துக்கு வருவதில்லை, காலை என்று சொன்னால் பிற்பகல் ஆகிறது. மருந்தும் பயிற்சியும் நேரப்படி நடக்கும் வீட்டில் இது பெரிய சங்கடம், வருவதற்கு முன் ஒரு போன் செய்வதையாவது அவர்கள் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். எந்த வயர் எங்கே போகிறது, எந்தக் கருவிக்கு என்ன முகவரி, நிர்வாகக் கடவுச்சொல் என்ன என்பதை எழுதித் தரும் பழக்கம் இல்லை. கேட்ட பிறகு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்கள், ஆனால் கேட்கத் தெரியாத முதியவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் அடுத்த பழுதின்போது இது பெரும் தொல்லையாகும். ரசீதும் கேட்டால்தான் கிடைக்கிறது.

வீடியோ அழைப்பு எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நேரில் பார்க்க வேண்டியவை உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், காயத்தில் நீர் கசிவு, மூச்சுத் திணறல், நெஞ்சு வலி ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று எங்களிடம் அழுத்திச் சொல்லியிருக்கிறார்கள். உள்ளூர் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் இடையிடையே வந்து பார்க்கிறார். மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று கையால் அழுத்திப் பார்த்துக் கோணத்தை அளப்பவர் அவர்தான்.

காவேரிப்பட்டினம், பர்கூர் பக்கம் வீடுகளுக்கும் இந்தக் கடைக்காரர்கள் போகிறார்கள், அதற்கு வருகைக் கட்டணம் சற்றுக் கூடும். ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை. அழைப்பவர்கள் வீட்டில் நடமாட முடியாதவர் யாராவது இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அவருடைய அறை எந்தத் தளத்தில் இருக்கிறது, சுவர் கல்லா செங்கல்லா என்பதையும் சேர்த்துச் சொன்னால் தேவையான அளவு வயரோடு வருவார்கள்.